சிக்கண்டா: ஆப்பிரிக்கப் புல்வெளியில் பூக்கும் ஒரு கிழங்கு

ஆர்க்கிட் என்றதும் நம்மில் பலருக்குக் கல்யாண மேடையில் வரிசையாகக் குத்தி வைத்திருக்கும் ஊதா நிறப் பூதான் ஞாபகம் வரும். அது மரத்தில் ஒட்டி வளர்கிற வகை, அதற்குக் கிழங்கு கிடையாது. ஆனால் ஆர்க்கிட் குடும்பத்தில் இன்னொரு பெரிய கூட்டம் இருக்கிறது. தரையில், புல்லுக்கு நடுவே முளைக்கும், மழைக்காலத்தில் பூக்கும், வறட்சி வந்ததும் தண்டு, இலை எல்லாம் காய்ந்து, மேலே ஒன்றுமே தெரியாமல் மண்ணுக்குள் கிழங்காக ஒடுங்கிவிடும். சாம்பியாவில் அந்தக் கிழங்கைத் தோண்டியெடுத்து, காயவைத்து, இடித்து, வேர்க்கடலையோடு சேர்த்துச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். கிழங்குக்கும் சிக்கண்டா என்றுதான் பெயர், சமைத்து வைத்த பண்டத்துக்கும் அதே பெயர்தான்.

உலகத்தில் ஆர்க்கிட் வகைகள் 25,000-க்கு மேல் இருக்கின்றன. அவ்வளவு பெரிய குடும்பத்தில் உலகம் முழுக்கச் சாப்பாட்டுக்குப் பயன்படுவது என்று பார்த்தால் வனிலா ஒன்றுதான், அதுவும் வாசனைக்கு மட்டும். ஆர்க்கிட்டை வயிறு நிறையச் சாப்பிடும் சமையல் ஒன்று இருக்கிறது என்பதே நம் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. அதனால்தான் இதை முதலிலிருந்து சொல்கிறேன்: என்ன செடி, எப்படிச் சமைக்கிறார்கள், அப்புறம் ஏன் இது இன்று ஒரு பெரிய கவலையாகிவிட்டது என்று.

முதலில் செடி. சிக்கண்டா என்பது ஒரே ஒரு செடியின் பெயர் இல்லை. டிசா, சாட்டிரியம், ஹாபனேரியா, பிராக்கிகோரிதிஸ் என்று சில ஆர்க்கிட் பேரினங்கள் உண்டு. அவற்றுக்குள் வரும் பல இனங்களின் கிழங்குகள் எல்லாமே இந்தப் பெயருக்குள் அடங்கும். டிசா ரொபஸ்டா, சாட்டிரியம் புக்கனனி போன்றவை நல்ல சரக்கு என்று பெயரெடுத்தவை. வளரும் இடம் பெரும்பாலும் இரண்டு. மியோம்போ என்று சொல்லப்படும் திறந்த காட்டில் மரங்களுக்கு இடையே இருக்கும் புல்தரை ஒன்று. மழைக்காலத்தில் நீர் தேங்கி, கோடையில் உலர்ந்துபோகும் டாம்போ என்ற பள்ளத்துப் புல்வெளி இன்னொன்று. இவை தவிர, உயரமான மலைப் புல்வெளிகளும் உண்டு, அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

சாட்டிரியத்தின் பூவைக் கிட்டத்தில் பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடும். மற்ற ஆர்க்கிட்களில் பெரும்பாலும் உதடு போன்ற அந்த அகன்ற இதழ் பூவின் கீழ்ப்பக்கம் இருக்கும், பூச்சி வந்து உட்கார அதுதான் மேடை. சாட்டிரியத்தில் அது தலைகீழ். உதடு மேலே ஏறி, முக்காடு மாதிரி கவிந்து நிற்கும், அதன் பின்னாலிருந்து இரண்டு மெல்லிய குழல்கள் வால் போலக் கீழே தொங்கும், தேன் இருப்பது அந்தக் குழல்களுக்குள். இந்த அடையாளத்தை நினைவில் வைத்துக்கொண்டால் நம் ஊரிலேயே இந்தப் பேரினத்தைப் பார்க்கலாம். நீலகிரியிலும் பழனி மலையிலும் புல்வெளிகளில் சாட்டிரியம் நேபாலென்சே என்று இளஞ்சிவப்புப் பூ பூக்கும் ஒரு செடி இருக்கிறது. ஆப்பிரிக்காவில் இடித்து மாவாக்கப்படும் கிழங்கின் நேரடி உறவு அது.

இப்போது மண்ணுக்குள் பார்ப்போம், கட்டுரையின் மையமே இதுதான். இந்தச் செடிகளில் ஒன்றைப் பூத்திருக்கும் சமயத்தில் வேரோடு எடுத்துப் பார்த்தால் தண்டின் அடியில் இரண்டு கிழங்குகள் இருக்கும். ஒன்று பழுப்பாக, சுருங்கி, அமுக்கினால் உள்ளே போகும் அளவுக்குத் தளர்ந்திருக்கும். இன்னொன்று வெளுப்பாக, கெட்டியாக, சாறு கட்டி உருண்டிருக்கும். தளர்ந்தது போன வருடத்துக் கிழங்கு, அதிலிருந்த சத்தையெல்லாம் இந்த வருடத்துத் தண்டும் இலையும் பூவும் உறிஞ்சிக்கொண்டன. கெட்டியாக இருப்பது இந்த வருடம் இலைகள் உழைத்துச் சேர்த்துவைத்தது, அடுத்த மழைக்கு முளைக்கப் போகும் செடி அதற்குள் இருக்கிறது. பழையது அழுகிப் போகும், புதியது அந்த இடத்தைப் பிடிக்கும், அடுத்த வருடம் மறுபடி அதன் பக்கத்தில் ஒரு புதுக் கிழங்கு. பழைய இடத்துக்கு ஓரிரு அங்குலம் தள்ளி ஒவ்வொரு வருடமும் செடி இப்படியே தன்னைத் தானே மாற்றிக்கொண்டு பிழைக்கிறது.

சமையலுக்கு வேண்டியது அந்தக் கெட்டியான புதுக் கிழங்குதான், தளர்ந்ததில் ஒன்றும் மிச்சமில்லை. அதாவது சிக்கண்டா தோண்டுவது விதைநெல்லை எடுத்து உலையில் போடுவது மாதிரி. நாம் சாப்பிடும் உருளை, சேம்பு, சர்க்கரைவள்ளி எல்லாவற்றிலும் ஒரு செடிக்குப் பல கிழங்கு பிடிக்கும், கொஞ்சம் எடுத்து வைத்து அடுத்த போகத்துக்கு நடுவோம், கொடியை வெட்டி நட்டால்கூட வந்துவிடும். இந்த ஆர்க்கிட்டில் அந்த வசதி இல்லை. ஒரு செடி, ஒரு புதுக் கிழங்கு, அதை எடுத்தால் அந்தச் செடி அத்தோடு முடிந்தது.

விதை போடாதா என்று கேட்பீர்கள். போடும், ஏராளமாகப் போடும். ஆர்க்கிட் காய் ஒன்று வெடித்தால் ஆயிரக்கணக்கில் விதை பறக்கும், சில இனங்களில் லட்சக்கணக்கில்கூட. ஆனால் அந்த விதையைக் கண்ணால் பார்த்தால் தூசி மாதிரிதான் இருக்கும், ஏனென்றால் அதற்குள் சாப்பாடு எதுவும் இல்லை. நெல், கடலை, பயறு என்று எந்த விதையை எடுத்தாலும், முளை விட்டு இலை வரும்வரை தாக்குப்பிடிக்க உள்ளேயே மாவோ எண்ணெயோ சேமித்து வைத்திருக்கும். ஆர்க்கிட் விதையில் கரு மட்டும்தான், அதுவும் சரியாக உருவாகாத கரு. மண்ணில் விழுந்த பிறகு அதற்குப் பொருத்தமான ஒரு பூஞ்சை வந்து, அந்தப் பூஞ்சை இழை விதைக்குள் புகுந்து, சர்க்கரையை ஊட்டினால்தான் அது முளைக்கும். 1899-ல் பிரான்ஸைச் சேர்ந்த நோயல் பெர்னார் என்ற தாவரவியலாளர்தான் இதைக் கண்டுபிடித்தார். அதுவரை ஐரோப்பாவில் ஆர்க்கிட் வளர்த்தவர்களுக்கு விதை ஏன் முளைக்க மறுக்கிறது என்று சரியாகப் பிடிபடவே இல்லை.

சரியான பூஞ்சை இல்லாத மண்ணில் விழுந்த விதை வீண். அது இருக்கிற மண்ணில் விழுந்தாலும் முதல் சில காலம் மண்ணுக்குள்ளேயே பூஞ்சையின் தயவில் இருந்துவிட்டு, அப்புறம் ஒரு சின்ன இலை, ஒரு சின்னக் கிழங்கு, வருடத்துக்கு வருடம் கொஞ்சம் பெரிதாகி, பூக்கிற வயதுக்கு வர பல வருடம் ஆகும். ஆக, ஒரு புல்வெளியில் இருக்கும் பெரிய செடிகளையெல்லாம் ஒரு பருவத்தில் தோண்டிவிட்டால் அங்கே விதை போட ஆள் இல்லை. மண்ணைக் கிளறியதில் பூஞ்சை வாழும் இடமும் கலைந்திருக்கும்.

சரி, சமையலுக்கு வருவோம். சிக்கண்டா சாம்பியாவின் வடக்கே வாழும் பெம்பா மக்களின் உணவாகத்தான் பெயர் பெற்றது, கசாமா நகரம் அந்தப் பகுதியின் மையம். பெண்களும் பிள்ளைகளும் மண்வெட்டியோடு போய்த் தோண்டி வருவார்கள், கழுவித் தோல் நீக்கி வெயிலில் காயவைப்பார்கள். காய்ந்த கிழங்கு கல் மாதிரி இறுகிவிடும், பல மாதம் கெடாது. அதனால்தான் அதை மூட்டை கட்டித் தூர ஊருக்கு அனுப்ப முடிகிறது. சந்தையில் இந்தக் காய்ந்த கிழங்கைக் குவித்து வைத்து, டப்பாவால் அளந்து விற்பார்கள்.

சமைக்கும்போது காய்ந்த கிழங்கை உரலில் போட்டு உலக்கையால் இடித்துச் சலித்து மாவாக்குவார்கள். வேர்க்கடலையையும் தனியாக இடித்துப் பொடியாக்கிக்கொள்வார்கள். பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கும்போது கடலைப் பொடி, உப்பு, மிளகாய்த் தூள் சேர்த்துக் கொதிக்கவிட்டு, அப்புறம் கிழங்கு மாவைத் தூவிக் கைவிடாமல் கிளறுவார்கள். கூடவே கொஞ்சம் சோடா உப்பு. சோடா உப்பு கடையில் கிடைக்காத காலத்தில் செடி கொடிகளை எரித்த சாம்பலை நீரில் கரைத்து வடிகட்டி, அந்தச் சாம்பல் நீரைச் சேர்த்தார்கள். சோடா சேர்ந்ததும் கலவை இறுகத் தொடங்கும், கரண்டி சிக்கிக்கொள்கிற பதத்துக்கு வரும். பிறகு பாத்திரத்தை மூடி, மூடியின் மேல் தணலைப் பரப்பி, மேலும் கீழும் சூடேறும்படி வேகவைப்பார்கள். வெந்து ஆறியபின் பார்த்தால் செம்பழுப்பு நிறத்தில் மேலே லேசாகப் பொருக்குக் கட்டி, கத்தி வைத்து வெட்டினால் துண்டு துண்டாக விழும்.

அந்தத் துண்டைத்தான் ஆப்பிரிக்கப் போலனி என்றும் சொல்கிறார்கள். போலனி என்பது தென்னாப்பிரிக்கப் பக்கத்தில் பிரபலமான, வெட்டிச் சாப்பிடும் ஒரு வகைத் தொத்திறைச்சி. இறைச்சியே இல்லாமல் அதே மாதிரி மெல்லும் பதமும் வெட்டும் பதமும் இந்தக் கிழங்கில் வருவதால் அந்தப் பெயர். தனியாகத் தின்பண்டமாகவும் சாப்பிடுவார்கள், மக்காச்சோள மாவில் கிண்டும் ந்ஷிமா என்ற களிக்குத் தொடுகறியாகவும் வைத்துக்கொள்வார்கள். ருசி என்று பார்த்தால் முன்னால் வருவது வேர்க்கடலையும் காரமும்தான், புரதமும் கொழுப்பும்கூடக் கடலையிலிருந்துதான் வருகின்றன. கிழங்கு தருவது அந்தப் பிடிமானம்.

எங்கிருந்து வருகிறது அந்தப் பிடிமானம்? ஆர்க்கிட் கிழங்கில் குளுக்கோமன்னன் என்ற ஒரு நார்ச்சத்து நிறைய இருக்கிறது. தண்ணீரைக் கண்டதும் இழுத்துக்கொண்டு பல மடங்கு உப்பி வழவழவென்று கூழாகும் பொருள் அது. செடி அதைச் சேர்த்து வைத்திருப்பது மழையில்லாத மாதங்களைக் கடப்பதற்கு. இதே பொருள் நம் சேனைக்கிழங்கின் உறவான கொன்யாக் கிழங்கிலும் உண்டு. ஜப்பானில் அந்தக் கொன்யாக் மாவைக் கரைத்து, சுண்ணாம்பு நீர் சேர்த்துக் காய்ச்சி, ரப்பர் மாதிரி இறுகிய கட்டியாக்கிச் சமையலில் போடுவார்கள். சோடா, சுண்ணாம்பு, சாம்பல் நீர் போன்ற காரத்தன்மையுள்ள ஒன்றைச் சேர்த்துச் சூடாக்கினால் குளுக்கோமன்னன் இழைகள் ஒன்றோடொன்று பின்னி இறுகிவிடும், திரும்பச் சூடாக்கினாலும் உருகாது. பெம்பாப் பெண்கள் சாம்பல் நீர் ஊற்றிச் செய்ததும் ஜப்பானியர் சுண்ணாம்பு நீர் ஊற்றிச் செய்வதும் அடிப்படையில் ஒரே வேதியியல் வேலை. ஒருவரை ஒருவர் அறியாமல், ஆய்வுக்கூடம் எதுவும் இல்லாமல், அடுப்படியிலேயே கண்டுபிடித்த விஷயம் இது. இதற்குரிய மரியாதையைக் கொடுக்காமல் சிக்கண்டாவைப் பற்றிப் பேசுவது தவறு என்று நினைக்கிறேன்.

ஆர்க்கிட் கிழங்கைச் சாப்பிடுவது ஆப்பிரிக்காவில் மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம். துருக்கியில் சலேப் என்று ஒரு பானம், குளிர்காலத்தில் பாலில் காய்ச்சிச் சூடாகக் குடிப்பார்கள், மராஷ் ஊர் ஐஸ்கிரீம் இழுத்தால் நூலாக நீளுவதும் அந்த மாவினால்தான். அங்கே ஒரு கிலோ சலேப் மாவுக்கு 1,000 முதல் 4,000 கிழங்குகள் வரை வேண்டும் என்று கணக்குச் சொல்கிறார்கள். தோண்டித் தோண்டிச் செடியே அருகிப்போனதால் சலேப்பை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வதைத் துருக்கி தடை செய்துவிட்டது. நம் நாட்டு மருந்துக் கடைகளில் சாலாமிசிரி என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்களே, உடம்புக்கு வலு தரும் என்று பாலில் கலந்து சாப்பிடுவது, அதுவும் இதே குடும்பத்துக் கிழங்குதான்.

இனி கவலைக்கு வருகிறேன். ஒரு கிராமத்துப் பெண்கள் தங்கள் வீட்டுத் தேவைக்கு ஒரு கூடை கிழங்கு தோண்டியதால் ஆர்க்கிட் அழிந்துவிடவில்லை. தலைமுறை தலைமுறையாகத் தோண்டியிருக்கிறார்கள், புல்வெளியும் பூத்துக்கொண்டுதான் இருந்தது. சாப்பிடும் ஆளின் எண்ணிக்கையும் தூரமும் மாறியபோதுதான் கணக்கு கெட்டது. சாம்பியாவின் செம்புச் சுரங்கங்கள் வளர்ந்த காலத்தில் வடக்கிலிருந்து பெம்பாக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வேலைக்குப் போனார்கள், சுரங்க நகரங்களில் அவர்கள் மொழியே பொதுமொழி ஆனது, மொழி போன வழியில் சமையலும் போனது. பிறகு தலைநகர் லுசாக்கா வளர்ந்தது. முன்பு வடக்கத்தியக் கிராமத்துத் தின்பண்டமாக இருந்தது இன்று நகரத்துச் சந்தைகளிலும் பஸ் நிலையங்களிலும் தட்டில் வைத்து விற்கப்படுகிறது, சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கிறது, உணவகப் பட்டியலிலும் ஏறிவிட்டது. பெம்பா அல்லாதவர்களும் விரும்பிச் சாப்பிடுகிறார்கள். ஒரு நாட்டின் சொந்தச் சமையல் அந்த நாட்டின் நகரங்களில் மதிப்போடு விற்கப்படுவது நல்ல விஷயம்தானே, அதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் தோட்டத்தில் விளையாத, காட்டில் மட்டுமே இருக்கிற, வருடத்துக்கு ஒரே ஒரு கிழங்கு வைக்கிற செடியை நம்பி ஒரு நகரமே சாப்பிட ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பதற்குத்தான் பதில் இல்லை.

சாம்பியாவின் உள்நாட்டுக் கிழங்கு குறையக் குறைய வியாபாரிகள் எல்லையைத் தாண்டினார்கள். தான்சானியா, மலாவி, காங்கோ, அங்கோலா என்று சுற்றியுள்ள நாடுகளிலிருந்தெல்லாம் மூட்டைகள் வருகின்றன. இதில் தான்சானியாவின் தெற்கு மலைப்பகுதி பெரிதும் அடிபட்டது. அந்தப் பக்கத்து மக்கள் பஞ்ச காலத்தில் ஆர்க்கிட் கிழங்கைத் தின்றதுண்டு, மற்றபடி அது அவர்களுடைய அன்றாட உணவில்லை, தோண்டுவது விற்பதற்குத்தான். துண்டுமா என்ற எல்லை ஊர் வழியாகச் சாம்பியாவுக்குப் போகிறது. தான்சானியாவில் நடந்த ஓர் ஆய்வு 2003-ல் வெளியானபோது, அந்த மலைப்பகுதியிலிருந்து மட்டும் ஆண்டுக்கு 22 லட்சம் முதல் 41 லட்சம் கிழங்குகள் வரை சாம்பியாவுக்குப் போகின்றன என்று மதிப்பிட்டார்கள். ஒரு கிழங்கு ஒரு செடி என்ற கணக்கை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

அந்த மலைப்பகுதியில்தான் கிட்டுலோ மேட்டுநிலம் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,600 மீட்டர் உயரம், நம் தொட்டபெட்டாவின் உச்சி அளவு. மரமே அதிகம் இல்லாத பரந்த புல்வெளி, மழை தொடங்கிவிட்டால் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை ஒன்று மாற்றி ஒன்று பூத்துக்கொண்டே இருக்கும். அங்கே மட்டும் தரை ஆர்க்கிட் 45 வகைகள் இருப்பதாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள். உள்ளூர்க்காரர்கள் அதைக் கடவுளின் தோட்டம் என்கிறார்கள். 2005-ல் தான்சானிய அரசு அதைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது. ஆப்பிரிக்காவின் தேசியப் பூங்காக்கள் என்றால் யானை, சிங்கம், வரிக்குதிரைக்காக ஏற்படுத்தியவை என்றுதான் நாம் நினைப்போம். கிட்டுலோ பூவுக்காகவே ஏற்படுத்திய பூங்கா, வெப்பமண்டல ஆப்பிரிக்காவில் இந்த வகையில் முதலாவது.

பூங்காவுக்குள் காவல் போட்டால் தோண்டல் பக்கத்து மலைக்கு நகரும் என்பதையும் மறைக்க வேண்டாம். சட்டம் என்று பார்த்தால் ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் இருக்கிறது, காட்டுக் கிழங்கை எல்லை தாண்டிக் கொண்டுபோக அனுமதிச் சீட்டு வேண்டும். நடைமுறையில் உலர்ந்த கிழங்கு மூட்டையைப் பார்த்து அது எந்தச் செடியிலிருந்து வந்தது என்று சொல்ல எல்லைக் காவலருக்கு வழியில்லை. பூ இருந்தால் இனம் சொல்லலாம், இலை இருந்தால்கூட ஓரளவு சொல்லலாம், தோல் நீக்கிக் காயவைத்த உருண்டையில் ஒன்றும் தெரியாது. சமைத்து முடித்த துண்டில் கேட்கவே வேண்டாம். ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்குத்தான் டிஎன்ஏ வழியைப் பிடித்தார்கள். சந்தையில் விற்கும் கிழங்கிலிருந்தும், வெந்த சிக்கண்டாத் துண்டிலிருந்தும்கூட டிஎன்ஏவைப் பிரித்தெடுத்து, அதில் என்னென்ன ஆர்க்கிட் கலந்திருக்கிறது என்று படித்தார்கள். ஒரே துண்டில் பல இனங்கள் வந்தன. தோண்டுகிறவர் இனம் பார்த்துத் தோண்டுவதில்லை, கைக்குக் கிடைத்த கெட்டிக் கிழங்கெல்லாம் மூட்டைக்குப் போகிறது, அரிய இனமும் அதோடு போய்விடுகிறது.

அப்படியானால் தோட்டத்தில் வளர்த்துவிடலாமே என்பது எல்லோருக்கும் தோன்றும் கேள்வி. கல்யாண மேடை ஆர்க்கிட்டைக் கோடிக்கணக்கில் வளர்க்கிறார்களே. அது சாத்தியமானதற்குக் காரணம் 1922-ல் அமெரிக்காவின் லூயிஸ் நட்சன் செய்த கண்டுபிடிப்பு. பூஞ்சைக்குப் பதிலாகச் சர்க்கரை கலந்த வளர்ப்புக் கூழில், கிருமி நீக்கிய கண்ணாடிக் குடுவைக்குள் ஆர்க்கிட் விதையை முளைக்கவைக்கலாம் என்று காட்டினார். மரத்தில் வளரும் வகைகள் பலவற்றுக்கு இது நன்றாக வேலை செய்தது. தரையில் வளரும் வகைகள் பலவும் அவ்வளவு எளிதில் இசைவதில்லை. குடுவையில் முளைத்தாலும் வெளியே மண்ணுக்கு மாற்றும்போது பட்டுப்போகும், தனக்கான பூஞ்சை அங்கே இருந்தாக வேண்டும், கோடை ஓய்வும் மழை விழிப்பும் சரியான காலத்தில் நடக்க வேண்டும். அப்படியே பிழைத்தாலும் சமையலுக்கு ஆகிற அளவில் கிழங்கு வைக்க வருடங்கள் ஆகும். மரவள்ளி நட்டால் ஒரு வருடத்தில் தோண்டிவிடலாம் என்கிற விவசாயியிடம் போய், சில வருடம் காத்திரு, அப்புறம் செடிக்கு ஒரே ஒரு சின்னக் கிழங்கு கிடைக்கும் என்றால் அவர் ஏன் நிலத்தை ஒதுக்குவார்? காட்டிலிருந்து இலவசமாகக் கிடைக்கும்வரை தோட்டக் கிழங்கு விலையில் போட்டி போடவே முடியாது.

ஆனாலும் முயற்சி நிற்கவில்லை. சாம்பியாவின் ஆர்க்கிட்களைப் பற்றி லண்டன் கியூ தாவரவியல் பூங்காவைச் சேர்ந்தவர்கள் உட்படப் பலர் வேலை செய்துவருகிறார்கள். எந்த இனத்துக்கு எந்தப் பூஞ்சை என்று கண்டறிவது, விதையைச் சேமித்து வைப்பது, எந்த இனம் சீக்கிரம் பெருகும் என்று பார்ப்பது எல்லாம் அடிப்படை வேலைகள், மெதுவாகத்தான் நடக்கும். இன்னொரு பக்கம், ஒரு புல்வெளியில் சில வருடம் தோண்டாமல் ஓய்வு விடுவது, காய் வெடித்து விதை பறந்த பிறகே தோண்டுவது, சின்னக் கிழங்கைத் திரும்பப் புதைப்பது போன்ற கிராம அளவு ஏற்பாடுகளையும் யோசிக்கலாம். இவற்றில் விதை பறக்கும்வரை காத்திருப்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் செடி சாவதற்கு முன் ஒரு தடவையாவது அதன் விதை மண்ணில் விழுந்திருக்கும். ஆனால் யார் வேண்டுமானாலும் வந்து தோண்டலாம் என்ற பொதுப் புல்வெளியில் ஒருவர் பொறுத்திருந்தால் அடுத்தவர் முந்திக்கொள்வார். அந்தப் புல்வெளி மேல் ஊராருக்கு உரிமையும் பேச்சும் இருந்தால்தான் பொறுமைக்குப் பலன் உண்டு.

இதில் எனக்கு ஒரு கட்சி இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன். ஆர்க்கிட் அழிவைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் தோண்டுகிற கையை மட்டும் பார்க்கிறார்கள். அந்தக் கை பெரும்பாலும் ஒரு ஏழைப் பெண்ணுடையது, அல்லது பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளையுடையது. மூட்டைக் கிழங்குக்கு அவர்களுக்குக் கிடைப்பது சொற்பம், விலை ஏறுவது அது கைமாறி நகரத்துக்குப் போகும் வழியில். தோண்டாதே என்று தடை மட்டும் போட்டால் அவர்கள் வருமானம் போகும், வியாபாரம் ரகசியமாகும், கிழங்கு மட்டும் எப்படியோ நகரத்துக்குப் போய்க்கொண்டேதான் இருக்கும். எந்தச் செடி எங்கே எப்போது பூக்கிறது, எந்தப் பள்ளத்தில் முன்பு இருந்தது இப்போது இல்லை என்பதெல்லாம் எந்த ஆய்வாளரையும்விட அந்தப் பெண்களுக்கு நன்றாகத் தெரியும். கிழங்கைக் காப்பாற்றுகிற திட்டம் எதுவாக இருந்தாலும் அவர்களைக் கூலிக்கு வைத்துக் கணக்கெடுக்கச் சொல்வதிலிருந்தாவது தொடங்க வேண்டும்.

தேவையைக் குறைக்க வழி இருக்கிறதா என்றால், கொஞ்சம் இருக்கிறது. கொன்யாக் மாவு தோட்டத்தில் விளைகிற கிழங்கிலிருந்து வருவது, அதிலும் அதே குளுக்கோமன்னன்தான், சோடா சேர்த்தால் இறுகவும் செய்யும். சிக்கண்டா மாவில் ஒரு பங்கைக் குறைத்து அந்த இடத்தில் இதைக் கலந்தால் வெட்டும் பதம் வரக்கூடும். ருசி அப்படியே வருமா என்பதைச் சாப்பிட்டு வளர்ந்த பெம்பாக்காரர்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும், அவர்கள் நாக்குதான் இதில் கடைசி வார்த்தை. ஒவ்வொரு தட்டிலும் காட்டுக் கிழங்கு கொஞ்சம் குறைந்தால் எல்லை தாண்டும் மூட்டையும் குறைய வழியுண்டு.